மாடி வீட்டை என்ன சொல்லிக் கூப்பிடுவது

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உன் உருளை எழுதுகிறேன். இங்கே இடது முட்டி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே நீ எப்படி என்று உன்னைக் கேட்டுப் பயனில்லை. உன் மருமகள் எழுதினால்தான் உண்டு.

மருமகளே, நீதான் இதை வாசித்துக் காட்டப் போகிறாய் என்பதால் முதலில் உனக்கு இரண்டு வார்த்தை. நான் எழுதியதை வாசிக்கும்போது உன் மாமனார் ஒரு பக்கமாகச் சிரிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவன் நன்றாக இருந்த காலத்திலும் அப்படித்தான் சிரிப்பான். முழு வாயையும் திறந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆகவே பக்கவாதம் அதைக் கெடுத்துவிட்டது என்று வருத்தப்படாதே. போனில் பேசலாமே என்றும் கேட்டிருந்தாய். ஒரு தடவை பேசிப் பார்த்தோமே, மறந்துவிட்டாயா? அவன் மூச்சு மட்டும் கேட்டது. நான் ‘டேய், டேய்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எங்களுக்குக் கடிதம்தான் சரி. இதில் அவன் பதில் பேசாமல் இருப்பது குறையாகத் தெரியாது.

சரி, இனி உனக்கு.

குளிர் வந்துவிட்டதடா. உன் மகன் உன்னைக் குளிரே இல்லாத ஊருக்குக் கூட்டிப் போனது எவ்வளவு நல்லது என்று தினமும் காலையில் எழுந்திருக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். எழுந்திருக்கும்போது என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அது ஒரு பெரிய வேலை. கண் விழித்ததும் போர்வைக்குள்ளேயே பாதத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பிறகு முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கொஞ்சம் நீட்டி, துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விட்டுப் பார்ப்பது மாதிரி பார்க்க வேண்டும். உடனே கீழே காலை வைத்தால் போச்சு. வலி உச்சந்தலைக்கு ஏறும். ஒரு குவளை டீ ஆறுகிற நேரம் போனால் இறுக்கம் விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு நான் மனிதன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தேன். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம் என்றார். “ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும். உங்களுக்கு அது தேஞ்சு போச்சு. குளிர்ல சுத்தி இருக்கிற தசையெல்லாம் இறுகிக்குது, அதான் இப்போ இன்னும் வலிக்குது” என்றார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். டைல்ஸ் பதித்தேன் என்றேன். அப்புறம் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாம் இரண்டு பேரும் மண்டியிட்ட அளவுக்குப் பக்திமான்கள்கூட மண்டியிட்டிருக்க மாட்டார்கள். என்ன, நாம் யாரையும் பார்த்து மண்டியிடவில்லை. சுவரைப் பார்த்துத்தான்.

ஆபரேஷன் இப்போது வேண்டாமாம். முதலில் உடம்பு இளைக்க வேண்டும், தொடையில் பலம் ஏற வேண்டும். தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, மண்டி போடவே கூடாது. உடம்பு இளைக்கச் சொன்னபோது உன்னைத்தான் நினைத்தேன். எனக்கு உருளை என்று பெயர் வைத்தவன் நீ. இளைத்துவிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவாய்?

பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள். சின்னப் பெண், ஆனால் அதட்டுவாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் பத்து எண்ணும்வரை இறக்கக் கூடாது. அவள் எண்ணுகிற பத்து, நாம் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரத்தைவிட நீளம். நான் கைத்தடியை வலிக்கிற இடது பக்கமே பிடித்துக்கொண்டு போனேன். “தாத்தா, அது வலது கையில இருக்கணும். அப்பதான் இடது கால் மேல பாரம் விழாது” என்று பிடுங்கி மாற்றினாள். தாத்தா என்றதில் எனக்குக் கோபம். ஆனால் அப்படி நடந்து பார்த்தால் உண்மையிலேயே சுகமாக இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வெந்நீர்ப் பை இருக்கிறது. அதைத் துண்டில் சுற்றி முட்டியின் மேல் வைத்துக்கொள்கிறேன். வெளியே போகும்போது கால்சட்டைக்கு உள்ளே கம்பளி போட வேண்டும் என்றார்கள். கடையில் விற்கிற முட்டி உறை என் தொடைக்குமேல் ஏறவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரி பின்னிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டி முட்டியில் மாட்டிக்கொண்டேன். வெட்டக் கத்தரியை எடுத்துவிட்டு இரண்டு நாள் சும்மா வைத்திருந்தேன். பிறகு வெட்டிவிட்டேன். கதகதப்பாக இருக்கிறது. அவளே இருந்திருந்தால், அந்த ஸ்வெட்டர் போட்டதைவிட அலமாரியில் கிடந்ததுதான் அதிகம், இதற்காவது ஆயிற்றே என்று சொல்லியிருப்பாள்.

வெளியே நடைபாதை வழுக்குகிறது. ஆகவே வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். சமையலறையிலிருந்து வாசல் கதவு, வாசல் கதவிலிருந்து சமையலறை. நேற்று ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. சளி இல்லை, ஒன்றும் இல்லை. அப்புறம்தான் தோன்றியது, முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் நான் யாரிடமும் பேசவில்லை. தொண்டையும் ஒரு மூட்டுதான் போலிருக்கிறது. ஆட்டாமல் வைத்தால் இறுகிவிடுகிறது.

சத்தம் என்றால் மாடி வீட்டுச் சத்தம் ஒன்றுதான். அங்கே பஸ் ஓட்டுகிற பெண்மணி ஒருவர் இருக்கிறார் என்று முன்பு எழுதினேனே, அவர்தான். தனியாகத்தான் இருக்கிறார். அவர் நடப்பது மெல்ல என் கூரையில் கேட்கும். படியில் எதிர்ப்பட்டால் அவர் தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன். இரண்டு பேருக்கும் கழுத்து சுளுக்கு என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதற்குமேல் பேச்சு இல்லை.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. வலது கையைப் பிடித்துவிட வருகிறவரைக் கடிக்கப் போனாயாமே. வேண்டாம்.

இப்படிக்கு,
உருளை


அன்புள்ள ஒட்டகத்துக்கு,

பயப்பட ஒன்றும் இல்லை என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியில் வெந்நீர்ப் பையோடுதான் எழுதுகிறேன். மருமகளே, இதை அவனுக்கு வாசிப்பதா வேண்டாமா என்று நீயே முதலில் ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொள்.

குளியலறை வாசலில் நாம் பதித்த நீல டைல்ஸ் கல் ஒன்று ஆட ஆரம்பித்தது. அந்த நீலம் வேண்டாம், வெள்ளை போதும் என்று நான் சொல்ல, நீ கேட்காமல் வாங்கி வந்தாயே, அதில் ஒன்று. காலை வைத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். உனக்குத் தெரியும், அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு நம்மால் ஒரு வீட்டில் இருக்க முடியாது. ஆள் கூப்பிடலாம்தான். டைல்ஸ்காரன் வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க ஆள் வருகிறான் என்றால் நன்றாகவா இருக்கும்? ஒரு கல்தானே என்று ஒரு டப்பாவில் கலவை குழைத்துக்கொண்டு, ஒரு பழைய தலையணையைப் போட்டு, மெல்ல மண்டியிட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டாய், வேலை நன்றாக வந்தது. கல்லைப் பெயர்த்து, அடியைச் சுரண்டி, கலவை வைத்து, தட்டி உட்காரவைத்து, இடுக்கில் வெள்ளைச் சிமென்ட் பூசித் துடைத்தேன். கை மறக்கவில்லை. அப்படியே நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன்.

முட்டி வரவில்லை. வலித்தால்கூட என் கால் என்று இருக்கும். அது யாருடையதோ மாதிரி மடங்கியபடியே நின்றுவிட்டது. சுவரைப் பிடித்தேன். நாம் பதித்த சுவர், வழவழவென்று பிடிக்க ஒன்றும் இல்லை. வாஷ் பேசினைப் பிடித்தால் அது பெயர்ந்து என் தலையில் விழும். மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு வழியாகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் முடிந்தது. போன் சாப்பாட்டு மேசையில். தரை ஐஸ் மாதிரி இருந்தது. ஆயுள் முழுக்கத் தரை போட்டவன் நான். தரை இவ்வளவு குளிரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. அவர் காலை வேலை முடிந்து வருகிறார். மேலே கதவு திறந்தது. பூட்ஸ் கழற்றினார். தண்ணீர் திறந்தார். எல்லாம் என் தலைக்குமேல். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

என்ன சொல்லிக் கூப்பிடுவதடா?

சிரிக்காதே. இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்று கூப்பிடலாம் என்றால் அவருக்கு என்னைவிட எத்தனையோ வயது குறைவு. தங்கச்சி என்றால், இத்தனை வருஷமாக இல்லாத அண்ணன் இன்றைக்கு எங்கிருந்து வந்தான் என்று இருக்கும். மகளே என்றால் நாடகத்தில் சாகப்போகிறவன் பேசுவது மாதிரி. பெயர் தெரியாது. தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது மழையில் அழிந்துபோயிற்று, நான் கேட்கவும் இல்லை. கடைசியில் ‘ஹலோ’ என்றேன். போனில் தப்பான இடத்துக்குப் பேசிவிட்டவன் மாதிரி, அவ்வளவு சின்னக் குரலில். அந்த நேரம் பார்த்து மேலே ரேடியோவில் பாட்டு ஆரம்பித்தது.

ஒட்டகம், உன்னிடம் மறைக்க மாட்டேன். பாட்டு கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இனிமேல் கூப்பிட்டாலும் கேட்காது, ஆகவே கூப்பிட வேண்டியதில்லை என்று. குளிரில் பல் கிட்டுகிறது, கால் செத்துக் கிடக்கிறது, எனக்கு நிம்மதி. அந்தப் பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு வந்தது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்ல பாட்டுகள்தான்.

பிறகு ரேடியோ நின்றது, அவர் திரும்ப வெளியே கிளம்பினார். படியில் பூட்ஸ் இறங்குகிறது, கீழ்க் கதவு சாத்துகிறது. கதவு சாத்தின பிறகு எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. “யாராவது இருக்கீங்களா!” என்று கட்டடம் அதிரக் கத்தினேன். ஒருவரும் இல்லை என்று தெரிந்துதான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

அதற்குமேல் நானே பார்த்துக்கொண்டேன். உட்கார்ந்தபடியே, கையை ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து படுக்கையறைக்கு வந்தேன். அத்தனை அவஸ்தையிலும் புதிதாகப் பதித்த கல்லின் மேல் உட்காராமல் சுற்றிக்கொண்டு வந்தேன் என்பதை நீ குறித்துக்கொள். கட்டிலிலிருந்து போர்வையை இழுத்துக் காலைச் சுற்றினேன். தசை சூடானால் இறுக்கம் விடும் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொன்னது நினைவில் இருந்தது. நாழி ஆயிற்று. விட்டது. ஷூ மாட்டும்போது உட்காருகிற குட்டை முக்காலி பக்கத்தில் இருந்தது. அதில் முதுகைக் கொடுத்து, வலது காலை உதைத்து, முதலில் அதன்மேல். கொஞ்சம் மூச்சு வாங்கி, அதிலிருந்து கட்டில்மேல். கட்டிலில் விழுந்தபோது வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டினேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை. வீக்கம் வடிய மாத்திரை. மண்டி போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். உன்னையும் மருமகளையும் தவிர யாருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கல் நன்றாக ஒட்டிக்கொண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உருளை


அன்புள்ள ஒட்டகத்துக்கு,

மருமகள் எழுதியது வந்தது. உட்கார்ந்து படித்தேன். பிறகு எழுந்து நின்று ஒரு தடவை படித்தேன்.

நான் தரையில் மாட்டிக்கொண்ட கதையை வாசித்ததும் நீ இடது கையைத் தூக்கித் தூக்கி மேலே காட்டினாயாம். மின்விசிறி கேட்கிறார் என்று போட்டார்களாம். இன்னும் காட்டினாயாம். அதிகக் காற்று என்று நிறுத்தினார்களாம். அதற்கும் காட்டினாயாம். விளக்கைப் போட்டு, அணைத்து, ஒட்டடை இருக்கிறதா என்று உன் மகன் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்து, நீ தலையணையைத் தூக்கி எறிந்தாயாம். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லையாம். மறுநாள்தான் மருமகளுக்குப் புரிந்ததாம். “மாடி வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா மாமா?” என்று கேட்டதும் நீ கையைக் கீழே போட்டுவிட்டு அழுதாயாம்.

உன்னிடம் பேச்சு இருந்த காலத்தில் நீ சொன்னதை நான் எப்போதாவது உடனே செய்திருக்கிறேனா? இந்தத் தடவை செய்தேன்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஏறினேன். கதவைத் தட்டிவிட்டு, இறங்கிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த வேகத்தில் இறங்க முடிந்தால்தானே?

அவர் கதவைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. “என்னாச்சு, சத்தம் ரொம்பக் கேக்குதா? நான் தடி சாக்ஸ் போட்டுக்கிட்டுத்தான் நடக்கிறேன்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே பெரியவர் இருக்கிறார், தொந்தரவாக இருக்கக் கூடாது என்று இத்தனை வருஷமும் பூனை மாதிரி நடந்திருக்கிறார். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவதைப் பார்த்து, சத்தத்தில் கோபம் என்று நினைத்தாராம். எனக்கு முட்டி வலியில் முகம் அப்படி ஆகிவிடுகிறது, வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

உட்காரச் சொன்னார். உயரமான நாற்காலியாகப் பார்த்துப் போட்டார். என் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அது எந்தக் கிழமை என்று கேட்டார். சொன்னேன்.

“அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்துட்டுப் போனேனே. பாட்டெல்லாம் கேட்டேனே” என்றார்.

ஆமாம், நானும் கேட்டேன் என்றேன்.

“கூப்பிட்டிருக்கலாமே?”

“என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல” என்றேன். சொன்ன பிறகு அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம், “ஏங்கன்னு கூப்பிடுங்க. அது போதாதா?” என்றார்.

நான் போதும் என்றேன். என் வீட்டில் அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டீ கொடுத்தார். நாள் முழுக்கக் குளிரில் ஸ்டியரிங் பிடித்து அவருக்குத் தோள்பட்டை இறுகிப்போகிறதாம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன், வெறும் தோலில் வைத்தால் சுட்டுவிடும் என்றும் சொன்னேன். கிளம்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டேன். இனிமேல் அந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம், தாராளமாகச் சத்தமாகவே நடங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

காலையில் நான் எழுந்ததும் சமையலறைத் திரைச்சீலையை விலக்கிவிட வேண்டும். அவர் வேலைக்குப் போகும்போது திரை மூடியிருந்தால் உள்ளே வந்து பார்ப்பார். இதுதான் ஏற்பாடு. மாலையில் திரும்பி வரும்போது படியில் நின்று ஒரு குரல் கொடுப்பார். முதல் நாள் நான் அடுப்பருகே சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். “ஏங்க, இருக்கீங்களா?” என்று வாசல் பக்கம் கேட்டது. எனக்குக் கரண்டி நின்றுவிட்டது. அவர் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான், “இருக்கேன்” என்றேன். அவர் மேலே போய்விட்டார். சூப் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

தப்பாக நினைக்காதே. அவருக்கு அவர் வேலை, எனக்கு என் முட்டி. நாள் முழுவதற்கும் அந்த ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். மீதி நேரம் முன்பு மாதிரிதான் போகிறது. ஆனாலும் இப்போது மாலை ஆனதும் தொண்டையைச் செருமி வைத்துக்கொள்கிறேன்.

முட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது. காலைத் தூக்கிப் பிடிப்பதில் பயிற்சிப் பெண்ணின் பத்தைத் தாண்டிவிட்டேன். உடம்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். ஆனால் தேய்ந்தது வளராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். குளிர் குறைந்தால் வலியும் குறையும், அடுத்த குளிருக்குத் திரும்ப வரும். இதோடு ஒத்துப்போக வேண்டியதுதான். ரயிலில் உன் ஊருக்கு வர முடியுமா என்று கேட்டேன். அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்காரக் கூடாது, இப்போதைக்கு வேண்டாம் என்றார். எப்போதைக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் இங்கே வரப்போவதில்லை. இதை நாம் இரண்டு பேரும் எழுதாமலே விட்டிருந்தோம். இன்றைக்கு எழுதிவிட்டேன், பரவாயில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை மருமகள் எழுதி முடித்ததும், அந்தக் காகிதத்தின் அடியில் உன் இடது கையில் பேனாவைக் கொடுக்கட்டும். எழுத்து ஒன்றும் வேண்டாம். ஒரு கோடு போடு. கோணலாகத்தான் வரும், வரட்டும். பாதியில் நின்றாலும் நிற்கட்டும். நான் நூல் பிடித்துப் பார்க்க மாட்டேன்.

மருமகளே, அவன் முடியாது என்று தலையாட்டினால் வற்புறுத்தாதே. பேனாவை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கச் சொல்.

நன்றாக இருடா. நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் உருளை